மூக்கு லாரிக்கு ஆறு சிலிண்டர் இன்ஜின் தேடுகிறீர்களா?

எங்கள் வீட்டு லாரி 1958 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ், இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வகை. மன்னார்குடிப் பக்கத்துக் களங்களிலிருந்து கும்பகோணத்து ரைஸ்மில்லுக்கு அப்பா அதில்தான் நெல் மூட்டை ஏற்றிப் போவார். இன்ஜின் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) விரிசல் விட்டு ஆறு வருடம் கொட்டகையில் கிடந்ததைப் போன தை மாதம்தான் வேறு இன்ஜின் போட்டு மறுபடி கிளப்பினேன்.

நாலு சிலிண்டர் போதும், செலவு குறையும் என்று பலர் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. வரிசையாக ஆறு இருந்தால் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் விசை தமக்குள்ளேயே ஈடாகிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நின்றால் கண்ணாடி அதிராது. அந்தச் சத்தம்தான் அந்த லாரி.

குதிரைசக்தியை முதலில் கேட்காதீர்கள். இந்த இன்ஜின் இதுவரை எங்கே ஓடியது என்று கேளுங்கள். நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று இடத்திலிருந்து வரும்: லாரி, ஜெனரேட்டர், விசைப்படகு.

ஜெனரேட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே நிற்கும்படி கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருப்பார்கள். அப்படியே மாட்டினால் ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்படாது. டீசல் பம்பை மாற்றவோ, பம்புக்காரரிடம் கொடுத்து லாரிக்கு ஏற்றபடி திருத்தவோ வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

படகு இன்ஜினில்தான் அதிக கவனம் வேண்டும். நாகப்பட்டினத்தில் ஒன்று பார்த்தேன். புதுப் பெயின்ட், பளபளப்பு. பிளாக்கில் தண்ணீர் வடிக்கும் பிளக்கைக் கழற்றச் சொல்லி, உள்ளே கம்பி விட்டுச் சுரண்டினேன். உப்பும் துருவும் பொருக்குப் பொருக்காகக் கொட்டின. கடல் தண்ணீர் அரித்த சுவர் எப்போது ஓட்டையாகும் என்று சொல்ல முடியாது. காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கடைசியில் எடுத்தது லாரியில் ஓடிய டாடா 697. ஆறு சிலிண்டர், சிலிண்டர் துளையின் விட்டம் (போர்) 97 மி.மீ., சுமார் 5.7 லிட்டர். எங்கள் லாரியில் முதலில் இருந்த 312 இன்ஜின் 4.6 லிட்டர்தான். வாங்கும் முன் இன்ஜின் பின்னால் உள்ள கனமான சக்கரத்தை, அதாவது ஃபிளைவீலை, கடப்பாரையால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், அதை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். ராத்திரி முழுக்க நின்ற பிறகு சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) பிளக்கைத் தளர்த்துங்கள், ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வரக்கூடாது.

ஆறு சிலிண்டர் நீளம். ரேடியேட்டரிலிருந்து பெல் ஹவுசிங் (கிளச்சை மூடும் கூடு) வரை உள்ள இடத்துக்கு ஒரு மூங்கில் பிளாச்சு வெட்டிக் கையோடு கொண்டுபோனேன், டேப்பை விட அது உதவியது. சம்ப்பின் பள்ளம் முன்னாலா பின்னாலா என்பதையும் பாருங்கள். முன் ஆக்சிலில் இடித்தால் பட்டறை வேலை இரண்டு மடங்காகும்.

அப்புறம், காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்ற வேண்டும். பில் கேளுங்கள், பிளாக்கில் உள்ள நம்பரோடு ஒத்துப் பாருங்கள். நம்பரைத் தேய்த்து மறுபடி அடித்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.