எம்டன் கல்வெட்டைப் பார்க்க ஞாயிறு காலையே சரி

முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டு விழுந்த இடத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட நினைத்தால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் சென்னை பாரிமுனைக்குப் போய்விடுங்கள். கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலில் இருக்கிறது. கிழக்குப் பக்கம் என்பதால் காலை வெயில் நேராக விழும், எழுத்துகளைச் சிரமமில்லாமல் படிக்கலாம். மதியத்துக்கு மேல் நிழல்தான். அன்று கோர்ட்டும் விடுமுறை, அதனால் நடைபாதையில் நெரிசல் குறைவு. உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் வண்டி நிறுத்த இடம் தேடி அலையவும் வேண்டாம்.

1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. "அவன் சரியான எம்டன்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்தது இங்கேதான். பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம் அப்படியே நடந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் போய்விடலாம். எம்டன் குண்டின் சிதறல் ஒன்று அங்கே இருக்கிறது. தலைமைச் செயலகமும் அதே வளாகத்தில் என்பதால் வாசலில் சோதனை உண்டு; அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

உயர் நீதிமன்றக் கட்டடத்தை உள்ளே பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு ஞாயிறு உதவாது. வெள்ளிக்கிழமை போனால் கல்வெட்டோடு திரும்பவேண்டியதுதான், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.