வாட்டர் ஹீட்டர் ராடில் படிந்த உப்பு: என் அனுபவம்

வள்ளியூர் பக்கம் போர் தண்ணீர் நல்ல கடினம். தாமிரபரணி தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. எங்கள் வீட்டில் வாளியில் போடும் ஹீட்டர் ராடில் வெள்ளையாகக் கல் மாதிரி உப்பு ஏறி, தண்ணீர் சூடாக நேரம் பிடித்தது.

அது சாப்பாட்டு உப்பு இல்லை, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் பிரிந்து இப்படிப் படிகிறது. இதைக் கரைக்க அமிலம் வேண்டும். சோடா உப்பு போடச் சொன்னார்கள், ஆனால் அது காரம், இதை அசைக்கவே அசைக்காது; வினிகரோடு சேர்த்துப் போட்டால் வினிகரின் வேலையையும் கெடுத்துவிடும்.

பிளக்கைக் கழற்றி, ராடை நன்றாக ஆறவிட்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்தான்) பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சுருள் மட்டும் முங்கும்படி வைத்தேன். உடனே நுரை, அது கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கினதும் பழைய பிரஷால் தேய்த்தால் பொருபொருவென்று உதிர்ந்தது. அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன்.

பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ராடின் உலோகத்தையே அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் கலந்தாலும் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும்; பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.