நெஞ்சைத் திறந்து செய்த சத்திரசிகிச்சைக்குப் பின் நரம்பை உறைய வைத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்செலும்பைப் பிளந்து செய்யப்படும் பைபாஸ், வால்வு போன்ற இருதய சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு நோயாளியை வாட்டும் வலியில் பெரும்பங்கு இருதயத்திலிருந்து வருவதில்லை. அறுக்கப்பட்ட எலும்பு, விரித்துப் பிடிக்கப்பட்ட விலாக்கள், செருகப்பட்ட வடிகுழாய்கள் ஆகியவற்றின் வலியை விலாவிடை நரம்புகளே பெரும்பாலும் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. அந்த நரம்புகளைக் கடுங்குளிரால் தற்காலிகமாகச் செயலிழக்க வைப்பதே நரம்பு உறைய வைத்தல் ஆகும். நைட்ரஸ் ஒக்சைட் வாயுவால் ஏறத்தாழ மறை 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டப்பட்ட கோல் ஒன்றின் முனையை ஒவ்வொரு நரம்பின் மீதும் சுமார் 2 நிமிடங்கள் வைப்பார்கள். நரம்பின் உள்ளிழைகள் சிதைந்துபோக, அவற்றைச் சூழ்ந்த உறைகள் அப்படியே எஞ்சியிருக்கின்றன. அந்த உறைகளை வழித்தடமாகக் கொண்டு இழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 மில்லிமீற்றர் வேகத்தில் மீண்டும் வளர்வதால், சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்புகிறது. 1976இல் லொயிட் என்ற பிரித்தானிய வைத்தியரும் சகாக்களும் விவரித்த இந்த முறை, நீண்ட இடைவெளிக்குப் பிறகு நெஞ்சறைச் சத்திரசிகிச்சைகளில் மீண்டும் கவனம் பெற்றிருக்கிறது.

இதனால் வரும் ஆபத்துகளில் பெரியது சிகிச்சையைவிட அதைப் பற்றிய தவறான புரிதலில்தான் இருக்கிறது. வலி இல்லை என்பதால் காயம் ஆறிவிட்டது என்று நினைப்பதே முதன்மையான தவறு. உறைய வைத்தல் வலிச் செய்தியை நிறுத்துகிறதே தவிர, எலும்பை ஒரு நாள்கூட விரைவாகப் பொருந்த வைப்பதில்லை. உருக்குக் கம்பிகளால் இறுக்கப்பட்ட நெஞ்செலும்பு ஓரளவு உறுதிபெறவே 6 முதல் 8 வாரங்கள் ஆகும்; முழுமையாகப் பொருந்த 12 வாரங்களோ அதற்கு மேலோ தேவைப்படலாம். சாதாரணமாக அந்தக் காலத்தில் வலியே காவலாக நின்று, பாரம் தூக்கவோ கையை ஊன்றி எழவோ விடாது தடுக்கும். நரம்பு உறைந்தவருக்கு அந்தக் காவல் இல்லாததால் தாமாகவே கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடி வீட்டில் இருப்பவர் எரிவாயுச் சிலிண்டரை நகர்த்துவதும், அரிசிப் பையைத் தூக்குவதும், பேரப்பிள்ளையை இடுப்பில் ஏற்றுவதும் இந்த நாட்களில் கூடாது. ஐந்து கிலோவுக்குக் கூடிய எதையும் வைத்தியர் அனுமதிக்கும் வரை தொடாமலிருப்பது நல்லது. அசையும்போது நெஞ்செலும்பில் 'கிளிக்' என்ற ஓசையோ உரசலோ தோன்றினால், வலி சிறிதும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். காயத்தைத் தினமும் கண்ணால் பார்ப்பதும் அவசியம். சிவப்பு, நீர்க்கசிவு, காய்ச்சல் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு இப்போது கண்ணுக்கும் வெப்பமானிக்கும் வந்திருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

இன்னொரு பிழை, உறைய வைத்ததால் எங்கும் வலிக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது. பைபாஸுக்காகக் காலிலிருந்து இரத்த நாளம் எடுத்த இடம் வலிக்கும். சத்திரசிகிச்சை மேசையில் நெடுநேரம் படுத்திருந்த தோளும் முதுகும் வலிக்கும். கீழே செருகிய வடிகுழாயின் துளை, உறைய வைத்த நரம்புகளின் எல்லைக்கு வெளியே இருக்கலாம். இவை சிகிச்சை தோற்றுப்போனதன் அடையாளங்கள் அல்ல. இதைவிட முக்கியமானது மாரடைப்பின் வலி. இருதயத் தசைக்கு இரத்தம் போதாதபோது எழும் வலி தன்னியக்க நரம்புகளோடு செல்லும் வேறு இழைகளின் வழியே போகிறது. விலாவிடை நரம்பை உறைய வைத்தது அதைத் தடுக்காது. ஆகவே புதிதாக நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால், 'நரம்பு விறைத்திருப்பதால் இப்படி இருக்கும்' என்று வீட்டில் ஆராயாமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள்.

மருந்துகளில் நேரும் தவறுகள் பலவகையானவை. உறைய வைத்ததன் முழுப்பலன் தெரியப் பல மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம் என்பதால், முதல் நாளில் தாதி கொடுக்கும் வலி மருந்தை 'எனக்கு நரம்பை உறைய வைத்தாயிற்று' என்று மறுப்பது பொருத்தமல்ல. இது பல வலிநீக்க வழிகளில் ஒன்று மட்டுமே. வீட்டுக்கு வந்த பின் வலி எஞ்சியிருந்தால் பாமசியில் டைக்ளோஃபெனக்கோ ஐபுப்ரோஃபெனோ கேட்டு வாங்குவது, என் கருத்தில் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. பைபாஸ் சத்திரசிகிச்சையை ஒட்டிய வலிக்கு இவ்வகை மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடுமையான எச்சரிக்கை விதித்திருக்கிறது; அவை மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகின்றன. செயற்கை வால்வுக்காக, இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் சேர்கிறது. பனடோல் (பரசிற்றமோல்) பாதுகாப்பானதுதான் என்றாலும், 500 மில்லிகிராம் மாத்திரைகளில் நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. தடிமன் மருந்துகளிலும் பரசிற்றமோல் கலந்திருப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர் தினமும் தொடர்ந்து பனடோல் எடுப்பதாக இருந்தால் கிளினிக்கில் சொல்லி இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். அதேநேரத்தில், வலியில்லை என்று சொல்லி இருதயத்துக்காகக் கொடுத்த அஸ்பிரினையும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது வலிக்காகக் கொடுக்கப்பட்டதன்று.

வலி குறைவாக இருக்கும் நாட்களைப் படுத்தே கழிப்பது ஒரு வாய்ப்பை வீணாக்குவதாகும். ஆழ்ந்து மூச்செடுக்கவும், தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமவும், எழுந்து நடக்கவும் முடிய வேண்டும் என்பதற்காகவே இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது. மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கட்டிலருகே வைத்துவிட்டு மறந்தால் சளி தேங்கி நியுமோனியா வரக்கூடும்.

விறைத்த தோலைக் கையாளுவதில் நம் வீட்டு வழக்கங்கள் தீங்காகலாம். வெந்நீர்ப் பையோ சூடான ஒத்தடமோ வைத்தால் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். ஐஸ் வைத்தாலும் அதேபோல் தோல் பாழாகும், உறைய வைத்ததன் பலனை அது கூட்டவும் செய்யாது. சித்தாலேப போன்ற தைலங்களின் எரிச்சலும் தெரியாது என்பதால் காயத்தின் அருகே அவற்றைத் தவிருங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் கேட்கத் தயங்குவதும் தவறே. தேசிய வைத்தியசாலையாயினும் தனியார் வைத்தியசாலையாயினும், இந்த வசதி அங்கு உண்டா, எத்தனை நரம்புகளை உறைய வைப்பார்கள், எந்தப் பகுதி எவ்வளவு காலம் விறைத்திருக்கும் என்று நிபுணரிடம் கேளுங்கள். குளிர்பட்டால் தோல் தடிப்பவர்களும், விரல்கள் வெளிறி நீலம் பாரிப்பவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வந்து, சிங்களம் அதிகம் தெரியாமல் விடுதியில் இருப்பவர், வலி எவ்வளவு என்பதை 0 முதல் 10 வரை விரல்களால் காட்டி, எங்கே என்று தொட்டுக் காட்டினால் தாதிக்குப் போதிய விவரம் கிடைத்துவிடும்.

உணர்வு திரும்பும்போது ஊசி குத்துவது போலவும் எறும்பு ஊர்வது போலவும் இருக்கும். இது இழைகள் வளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். இடது மார்பில் மட்டும் விறைப்பு நீடித்தால், பைபாஸுக்காக நெஞ்சின் உட்புற நாடியை எடுத்ததாலும் அப்படி நேரக்கூடும். ஆனால் தோலில் எரிச்சல் நிலைத்து, சட்டைத் துணி பட்டாலே தாங்க முடியாத நிலை வந்தால், அது நரம்புவலியாகலாம். சாதாரண வலி மாத்திரைகள் அதற்கு நன்கு வேலை செய்வதில்லை, பிரிகபலின் போன்ற வேறுவகை மருந்துகளை வைத்தியர் தேர்ந்தெடுப்பார். அடுத்த கிளினிக் திகதி ஒரு மாதம் தள்ளியிருந்தாலும் அதுவரை பொறுத்திருக்காமல் முன்னரே போய்க் காட்டுங்கள்.