ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: சனி, ஞாயிறைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்

எக்ஸ்சேஞ்ச் மாணவராக ஜெர்மனிக்குப் போகிறவர்கள் விசா, வங்கிக் கணக்கு, தங்குமிடம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வார நாட்களில் வகுப்பு, நூலகம், மென்சா எனும் பல்கலைக்கழக உணவகம் என்று பொழுது தானாக ஓடிவிடும். தனிமை வந்து பக்கத்தில் உட்காருவது வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில்தான். குளிர்கால செமஸ்டரில் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழித்தால் 15 வார இறுதிகள் தேறினாலே அதிகம். ஃப்ரைபுர்கில் படித்தபோது அதில் முதல் ஐந்தை நான் அறைக்குள்ளேயே கழித்தேன்.

காரணம் ஒரே ஒரு தவறு. யாராவது கூப்பிடுவார்கள் என்று வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். அங்கே சனிக்கிழமை என்ன நடக்கும் என்பது செவ்வாய், புதனிலேயே முடிவாகிவிடுகிறது. மாணவர்கள்கூட நாட்காட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ‘வருகிறேன்’ என்று சொல்கிறார்கள். சனிக்கிழமை காலையில் போய் “இன்று சும்மாதானே இருக்கிறாய்?” என்று கேட்டால், ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது என்றுதான் பதில் வரும். அது ஒதுக்கல் இல்லை, உண்மையாகவே வேலை இருக்கும். நிறையப் பேர் வெள்ளி மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். விடுதித் தாழ்வாரம் ஞாயிறு இரவு வரை வெறிச்சோடிக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து ‘நம்மை யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன்.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது “ஒரு நாள் சேர்ந்து ஏதாவது செய்யலாம்” என்று சொல்வார்கள். ‘மால் வாஸ் மாஹன்’ என்ற அந்தச் சொற்றொடரை அடிக்கடி கேட்பீர்கள். அது பொய்யில்லை, ஆனால் அழைப்பும் இல்லை. நீங்கள் ஒரு தேதியைச் சொன்னால்தான் அது அழைப்பாக மாறும். ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை வகுப்புத் தோழர்கள் நான்கு பேரிடம் சொன்னேன்: “சனிக்கிழமை ஷாவின்ஸ்லாண்ட் மலைக்கு நடக்கப் போகிறேன். பத்து மணிக்கு கியூன்டர்ஸ்டால் டிராம் நிறுத்தத்தில் நிற்பேன்.” இரண்டு பேர் வந்தார்கள், பத்து மணிக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே. அந்த மலையின் உயரம் 1,284 மீட்டர். ஏறி இறங்க ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. வகுப்பறையில் ஒன்றரை மாதமாகப் பேசாததை எல்லாம் அன்றைக்குப் பேசினோம். இடம், நாள், மணி மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் வா’ என்றால் அங்கே யாரும் வரமாட்டார்கள்.

அடுத்தது மணி. இதில் நான் பட்டதை யாரும் படக்கூடாது. ‘ஹால்ப் அஹ்ட்’ என்று ஒரு தோழி விருந்துக்கு நேரம் சொன்னாள். ‘அஹ்ட்’ என்றால் எட்டு, ‘ஹால்ப்’ என்றால் அரை. எட்டரை என்று எடுத்துக்கொண்டேன். ஜெர்மனில் அது எட்டை நோக்கிய அரை, அதாவது ஏழரை. நான் கதவைத் தட்டியபோது ஆறு தட்டுகள் காலியாக இருந்தன. ஏழாவது தட்டு மட்டும் மூடி வைத்தபடி, பக்கத்தில் மடித்த துணியோடு அப்படியே இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரை மணி நேரம் எனக்காகக் காத்திருந்துவிட்டுச் சாப்பிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் பாடவேளைக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று போட்டிருந்தால் வகுப்பு கால் மணி நேரம் தள்ளித்தான் தொடங்கும். அந்தச் சலுகையை வீட்டு அழைப்புக்கும் நீட்டிவிடாதீர்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனே ஒரு செய்தி அனுப்பிவிட்டால் போதும், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

விருந்துக்குப் போகும்போது என்ன கொண்டுவரட்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வாழ்த்துச் சொல்லாதீர்கள், அதை அபசகுனமாக நினைப்பவர்கள் அங்கே ஏராளம். கேக் கொண்டுவருவதும் பிறந்தநாள்காரரின் பொறுப்புதான். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் அதற்காகவே மதுக்கூடச் சந்திப்புகளைத் தவிர்க்க வேண்டாம். ஆப்பிள் சாறில் சோடா கலந்த ‘ஆப்ஃபெல்ஷோர்லே’ எல்லா இடத்திலும் கிடைக்கும். பில் வரும்போது சேர்த்தா தனித்தனியா என்று கேட்பார்கள். தனித்தனியாகக் கொடுப்பதுதான் மாணவர்களிடையே வழக்கம், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும்தான் விதிவிலக்கு, சில பேக்கரிகள் காலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். 1919-ஆம் ஆண்டு ஜெர்மனி ஏற்றுக்கொண்ட வைமார் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட ஞாயிறு ஓய்வு இன்றைய அரசியல் சட்டத்திலும் தொடர்கிறது. சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடுவதுகூட ஞாயிற்றுக்கிழமை கூடாது.

இன்னொரு தவறு, வெளியிலிருந்து பார்த்தால் தவறாகவே தெரியாது. ஒவ்வொரு வார இறுதியும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவது. 2023 மே மாதம் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரப் பயணச்சீட்டு வந்தபோது மாதம் 49 யூரோ. இப்போது விலை கூடியிருக்கிறது, ஆனாலும் ஐசிஇ போன்ற நெடுந்தூர ரயில்களைத் தவிர நாடு முழுக்கப் போகலாம். ஆசை வருவது இயற்கைதான். ஆனால் பத்து நகரங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்து அறைக்காரரின் பெயர் தெரியாமல் திரும்பிய பலரை எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு பயணம் போதும் என்பது என் கருத்து. மற்ற வாரங்களில் நீங்கள் இருக்கும் ஊரிலேயே இருங்கள்.

அங்கே இருந்து என்ன செய்வது? ஒரு ‘ஃபெராய்ன்’, அதாவது சங்கத்தில், அல்லது குழுவில் சேருங்கள். பதிவு பெற்ற சங்கங்கள் அந்த நாட்டில் ஏறக்குறைய ஆறு லட்சம் இருக்கின்றன. ஏழு பேர் சேர்ந்தால் ஒன்றைப் பதிவு செய்துவிடலாம். பாட்டு, சதுரங்கம், மலையேற்றம், கால்பந்து என்று எதற்கும் ஒன்று உண்டு. எல்லாவற்றையும்விட எளிது பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகள். செமஸ்டர் தொடக்கத்தில் இணையத்தில் பதிவு திறக்கும், நல்ல வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அன்றைக்கு அலாரம் வைத்து எழுந்திருங்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களோடும் நம் மொழிக்காரர்களோடும் பழகுவதில் தவறே இல்லை, கஷ்ட காலத்தில் முதலில் ஓடி வந்தது அவர்கள்தான். ஆனால் அவர்களோடு மட்டும் இருந்தால் செமஸ்டர் முடியும்போது அந்த மொழியில் ஒரு நகைச்சுவைகூடப் புரியாது. வாராவாரம் அதே பத்துப் பேரை அதே இடத்தில் பார்த்தால், நான்காவது வாரத்தில் யாராவது “முடிந்ததும் காபி குடிக்கப் போகிறோம், வருகிறாயா?” என்று கேட்பார்கள்.

வழியனுப்பு விருந்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பிப்ரவரியில் எல்லோரும் தேர்வுக்குப் படிப்பார்கள், முடித்த மறுநாளே ஊருக்குப் போய்விடுவார்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே ஒரு சனிக்கிழமையைக் குறித்து, மணியையும் எழுதி அனுப்பிவிடுங்கள். 19:30 என்று எண்ணிலேயே எழுதுங்கள்.