கொடுத்த எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலச் சொற்களைத் தேடும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலை (நூலகம்) ஒன்றில், விடுமுறை நாள்களில் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளோடு ஆங்கிலச் சொல் விளையாட்டுக்கு உட்காருவது என் வழக்கம். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், எக்ஸ், ஒய், ஜி மூணும் வர்ற வார்த்தை ஒண்ணுகூடக் கிடைக்கலையே" என்று தாளை நீட்டினாள். அவள் தேடிய சொல் அறிவியல் பாடத்தில் அவள் எத்தனையோ முறை வாய்விட்டுப் படித்த ஆக்ஸிஜன்தான்.

அவள் காதால் தேடினாள் என்பதே காரணம். எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடும் தமிழிலும் மலையாளத்திலும் பழகிய பிள்ளைகளுக்கு இது இயல்பு. ஆனால் ஆக்ஸிஜனில் ஒய் என்பது இகரமாகவும் ஜி என்பது ஜகரமாகவும் ஒலிக்கின்றன. அதே மூன்று எழுத்துகள் உள்ள கேலக்ஸியிலோ ஜி ககரமாகிவிடுகிறது. ஆகவே முதல் வேலை, ஒலியை ஒதுக்கிவிட்டு, எழுத்துகளைத் தாளில் தனித்தனியாக எழுதிக் கண்ணால் தேடுவது. (இக்கட்டுரையில் ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தை டீ என்று நெடிலாகவே எழுதுகிறேன், நான்காம் எழுத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்து, கேள்வி எது என்று தெளிய வேண்டும். கொடுத்த எழுத்துகள் அனைத்தையும், வேறெதையும் சேர்க்காமல், இடம் மாற்றி அமைப்பது ஒன்று. அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துச் சொல் ஆக்குவது இன்னொன்று. அவை அனைத்தும் இருக்க, பிற எழுத்துகளும் கலந்த சொல்லைத் தேடுவது மூன்றாவது. பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால்தான்.

முதல் வகைக்கு எளிய வழி, எழுத்துகளை அகரவரிசைப்படுத்தித் திறவுச்சொல் ஆக்குவது. ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்னும் ஆறு எழுத்துகளை 720 விதமாக அடுக்கலாம் என்றாலும், அவை அனைத்தையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. புதிதாகப் படிக்கும் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் இவ்வாறு வரிசைப்படுத்தி நோட்டில் குறித்துவந்தால், கேட்டல் என்னும் பொருளுடைய லிஸன், அமைதியைக் குறிக்கும் சைலன்ட், படையில் சேர்தலாகிய என்லிஸ்ட், மினுமினுப்பு இழையாகிய டின்ஸல், சிறு கழிமுகங்களைக் குறிக்கும் இன்லெட்ஸ் ஆகிய ஐந்தும் ஒரே திறவுச்சொல்லின் கீழ் வந்து அமர்வதைக் காணலாம். லிஸனில் டீ ஒலிப்பதே இல்லை. காதை நம்பினால் அது இக்கூட்டத்திலிருந்து விடுபட்டுப் போகும்.

இரண்டாம் வகையில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை ஒன்றுதான்: ஓர் எழுத்து ஒருமுறை கொடுக்கப்பட்டிருந்தால் ஒருமுறையே பயன்படுத்தலாம். எழுத்துகளை வைத்து விந்தை காட்டும் நம் சித்திரகவிப் பாடல்களில் அக்கரச் சுதகம் என்று ஒரு வகை உண்டு. ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க, எஞ்சுவதும் சொல்லாகவே நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு நான் காட்டும் சொல் ஸ்டார்ட்லிங். அதில் எல் போனால் ஸ்டார்ட்டிங். பிறகு டீ, ஏ, ஆர், டீ, ஜி, எஸ், என் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் ஸ்டேரிங், ஸ்டிரிங், ஸ்டிங், சிங், சின், இன் என்று குறைந்து, கடைசியில் நான் என்னும் பொருள் தரும் ஐ மட்டும் நிற்கும்.

மூன்றாம் வகையே கடினமானது. அங்கே அரிய எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். எது அரியது என்பதற்கு, ஸ்கிராபிள் என்னும் ஆங்கிலச் சொல் விளையாட்டின் எழுத்து வில்லைகள் நல்ல அளவுகோல். நூறு வில்லைகளில் ஈ 12 இருக்க, க்யூ, ஜே, கே, எக்ஸ், இசட் ஆகியவை ஒவ்வொன்றே உள்ளன. எனவே எக்ஸ் உள்ள சொற்களை முதலில் நினைவுக்குக் கொண்டுவந்து, அவற்றில் ஒய் உள்ளவற்றைப் பிரித்து, இறுதியாக ஜி இருக்கிறதா என்று பார்த்தால், அந்த மாணவி திகைத்த இடத்தில் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

எழுத்துகளின் உறவும் உதவும். தமிழில் ட் என்னும் மெய்யை அடுத்து, அதே டகரமன்றி, வெட்கம், மாட்சி, நட்பு என்பவற்றில் உள்ளவாறு க, ச, ப ஆகியவையே வரும் என்று, எந்த மெய்யை அடுத்து எது வரும் எனக் கூறும் மெய்ம்மயக்க இலக்கணத்தில் படிக்கிறோம். ஆங்கிலத்திலும் இத்தகைய பழக்கங்கள் உண்டு: க்யூவை அடுத்துப் பெரும்பாலும் யூ வரும்; எச் என்பது சி, ஜி, பீ, எஸ், டீ, டபிள்யூ ஆகியவற்றின் பின்னால் நிற்க விரும்பும்; மூன்று மெய்யொலிகளோடு தொடங்கும் சொல் எஸ்ஸில்தான் தொடங்கும். எஸ், டீ, ஆர், என், ஜி, எச் என்று கொடுத்தால், எஸ்-டீ-ஆர் முன்னும், என்-ஜி இடையிலும், டீ-எச் இறுதியிலும் வைத்து ஓர் உயிரெழுத்தை நுழைத்துப் பாருங்கள். வலிமையைக் குறிக்கும் ஸ்ட்ரெங்த் கிடைக்கும். அதில் டீ இருமுறை வருகிறது. மூன்றாம் வகையில் அதற்குத் தடையில்லை.

கணினி இருந்தால் ஒன்லுக் என்னும் தளத்தில், தெரியாத ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறியும், எத்தனை என்றே தெரியாத எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறியும் இட்டுத் தேடலாம். ஆனால் அது வரிசையைப் பார்க்கும்: எக்ஸ், ஒய், ஜி என்று நட்சத்திரங்களுக்கு இடையே எழுதினால் ஆக்ஸிஜன் வரும், கேலக்ஸி வராது. வரிசை தெரியாதபோது மூன்று எழுத்துகளுக்கு 6 முறையும் நான்கு எழுத்துகளுக்கு 24 முறையும் தேட நேரிடும். கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் குனு லினக்ஸ் என்னும் இயங்குதளம் இருப்பதால், வரிக்கு ஒரு சொல்லாக அமைந்த சொற்பட்டியல் ஒன்றைச் சேமித்துக்கொண்டு, கொடுத்த எழுத்து உள்ள வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையால் எக்ஸ் உள்ள வரிகளை எடுத்து, அந்த விடையை, ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாய்க்குறி (|) வழியாக ஒய்க்கும், பின் ஜிக்கும் அனுப்புவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது; நாம் தாளில் செய்த அதே சலித்தெடுக்கும் வேலையைக் கணினி செய்கிறது.

பட்டியல் பிரித்தானிய எழுத்துமுறையா, அமெரிக்க எழுத்துமுறையா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நிறத்தைக் குறிக்கும் கலர் என்னும் சொல்லில் முன்னதில் யூ உண்டு, பின்னதில் இல்லை. யூ உள்ள சொல்லைத் தேடுபவருக்கு இரண்டாவது பட்டியலில் அது அகப்படாது.