கன்றுக்குச் சைலசின் செலுத்தும்போது கவனிக்க வேண்டியவை

கொம்புக் குருத்தைச் சுடுவது போன்ற சிறு சிகிச்சைகளின்போது கன்றை அமைதிப்படுத்த, கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் சைலசினையே நாடுகிறார்கள். குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டினத்துக்குப் போதும் என்பதால், கண்மதிப்பை நம்பாமல் கன்றை எடைபோட்டுவிட வேண்டும். 50 கிலோ கன்றுக்குத் தசை ஊசியாகக் கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் கணக்கிட்டால் மொத்தம் 5 மி.கி. வரும், 2 விழுக்காட்டுக் கரைசலில் (மி.லி.க்கு 20 மி.கி.) இது 0.25 மி.லி. மட்டுமே. ஆகவே 1 மி.லி. சிரிஞ்சே ஏற்றது. 10 விழுக்காட்டுக் கரைசலும் புழக்கத்தில் இருக்கிறது. தவறுதலாக அதை இதே கால் மி.லி. ஏற்றினால் ஐந்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

ஊசி போட்டபின் கன்றைச் சந்தடியில்லாத இடத்தில் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். தலை தாழும், எச்சில் நூலாக வடியும், பிறகு தானே படுத்துக்கொள்ளும். அப்போது அதை நெஞ்சுப்பகுதி தரையில் படியுமாறு நிமிர்த்திவைத்து, பிடரி உயர்ந்தும் மூக்கு தாழ்ந்தும் இருக்கும்படி தலைக்கு முட்டுக் கொடுத்தால் எச்சில் மூச்சுக்குழலுக்குள் இறங்காமல் வெளியே வடிந்துவிடும். இம்மருந்து பெருவயிற்றின் அசைவைக் குறைத்து ஏப்பத்தையும் தடுப்பதால், தீவனம் தின்னத் தொடங்கிய கன்றுகளுக்கு இடப்பக்க விலா உப்பி மூச்சை அழுத்தக்கூடும். அதற்காகப் பால்குடிக் கன்றை நெடுநேரம் பட்டினி போடுவது சரியன்று. அதன் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும்.

இதயத்துடிப்பு மந்தமாவதும் மூச்சு ஆழம் குறைவதும் எதிர்பார்க்க வேண்டியவையே. என் கருத்தில், ஊசியைவிட அதன்பின் வரும் கண்காணிப்புக்கே கூடுதல் கவனம் தேவை: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சை எண்ணி, ஈறின் நிறத்தைப் பார்த்து, உடல் வெப்பத்தையும் அளந்துவர வேண்டும். உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் திறன் குன்றுவதால், ஈரத்தரையில் கிடக்கும் இளங்கன்று விரைவில் குளிர்ந்துபோகும். நுரையீரல் அழற்சியோ நீரிழப்போ உள்ள கன்றுக்கு இதைத் தவிர்ப்பதே நல்லது. சிறுநீர் அடைத்த கன்றுக்கும் ஆகாது. மருந்தால் சிறுநீர் பெருகிப் பை மேலும் புடைக்கும்.

அசையாமல் கிடக்கும் கன்றுக்கு வலியில்லை என்று எண்ணிவிடலாகாது. கொம்பு நரம்பருகே அவ்விடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனும், பிந்தைய வலிக்கு மெலாக்சிகாமும் தனியாகத் தரப்பட வேண்டும்.

சைலசினின் விளைவை முறிக்கும் டோலசோலின் போன்ற மருந்தை ஊசிக்கு முன்பே கையருகில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சிரையில் (இரத்தக்குழாயில்) ஏற்ற நேர்ந்தால் மிக மெதுவாக ஏற்ற வேண்டும். எழுந்த கன்று மீண்டும் சோரக்கூடும் என்பதால் தனியே விடாதீர்கள். உறுதியாக நின்று, ஒழுங்காக விழுங்கத் தொடங்கிய பிறகே பால் கொடுங்கள்.