பழைய தோல் ஹேண்ட்பேக்: கண்டிஷனர் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

செகண்ட்ஹேண்டில் வாங்கிய தோல் பை வீடு வந்து சேர்ந்ததும் கை பரபரக்கும். வெட் டிஷ்யூவால் ஒரு துடை துடைக்கலாம், சமையலறையில் இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் தடவலாம், ஷூ பாலிஷ் போட்டால் பளபளக்கும் என்றெல்லாம் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பழைய பைகளில் இருக்கும் மிக மோசமான கறை பெரும்பாலும் யாரோ சுத்தம் செய்யப் போய் வந்ததுதான். தோலுக்கு மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரியாமல் எதைத் தடவினாலும் குருட்டாம்போக்கு வேலை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பையின் அடிப்பக்கமோ மூடியின் உள்பக்கமோ, கண்ணில் படாத ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். சொட்டு முத்தாக உருண்டு அப்படியே நின்றால், மேலே நிறமும் அதற்கு மேல் சீலரும் (நிறத்தைக் காக்கும் மேல்பூச்சு) பூசிய தோல். பிக்மென்ட் தோல் என்பார்கள், கடைகளில் விற்கும் பைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். சொட்டு உடனே உள்ளே போய் அந்த இடம் கருத்தால், அது பூச்சில்லாத அனிலைன் தோல், அல்லது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டு இயற்கை நிறத்திலேயே விட்ட தோல். மெதுவாக இறங்கினால் இரண்டுக்கும் நடுவில். ஒரு எச்சரிக்கை: முந்தைய சொந்தக்காரர் மெழுகை அப்பியிருந்தால் பூச்சில்லாத தோலிலும் சொட்டு நிற்கும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

அப்புறம் ஈரமான வெள்ளைத் துணியால் அதே மறைவிடத்தில் லேசாகத் தேயுங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அந்தப் பையைத் தண்ணீர் அதிகம் காட்டாமல்தான் கையாள வேண்டும். கடைசியாக, இது தோல்தானா என்றும் பார்த்துவிடுங்கள். வார் அல்லது உள்பாக்கெட் ஓரத்தில் வெட்டு முனை தெரியும். அங்கே நார் நாராக இருந்தால் தோல், துணி மேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் போல் இருந்தால் பி.யூ. (பாலியூரிதேன்) என்ற செயற்கைத் தோல். அந்தப் படலம் உரிய ஆரம்பித்துவிட்டால் தோலை மென்மையாக வைக்கத் தடவும் எந்தக் கண்டிஷனரும் காப்பாற்றாது. காற்றில் உள்ள ஈரமே அதன் வேதிப் பிணைப்பை உடைத்துக்கொண்டிருக்கிறது, நாம் தடவும் எதுவும் அதை ஒட்டவைக்காது. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இன்னொரு நோய், மிகப் பழைய பைகளில் வருவது: தொட்டால் விரலில் செம்பழுப்புத் தூள் ஒட்டும். தோலின் நாரே அமிலத்தில் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரெட் ராட் என்பது அதன் பெயர், இனிச் சரிசெய்ய முடியாத நிலை. அதற்கென்று விற்கும் கெட்டிப்படுத்தும் கரைசலைத் தடவி உதிர்வதைக் கட்டுப்படுத்தி அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், தோளில் மாட்ட முடியாது.

நாற்றமும் பூஞ்சையும்

சுத்தம் செய்யும் முன் பையை முழுக்கக் காலி செய்து, லைனிங்கை வெளியே இழுத்து, மூலைகளில் சேர்ந்த தூசியை உறிஞ்சியெடுங்கள். நாற்றம் பாதிக்கு மேல் லைனிங்கில்தான் இருக்கும், வெளித் தோலைத் தேய்த்துத் தேய்த்துப் பயனில்லை. துணி லைனிங் என்றால் மென்மையான சோப்பு நுரையை மட்டும் தொட்டுத் துடைத்து, வெளியே இழுத்த நிலையிலேயே காயவிடுங்கள். பிறகு ஒரு துணி முடிச்சில் ஆக்டிவேட்டட் கரி கட்டி உள்ளே வைத்து, பையை ஒரு பெட்டிக்குள் மூடி வைக்கவும். சிகரெட் நாற்றமாக இருந்தால் சில வாரம்கூட ஆகும், கரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாசனை ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நாற்றம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தோல் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் உடனே பூஞ்சை என்று முடிவு கட்டாதீர்கள். தோலுக்குள் இருக்கும் கொழுப்பு குளிரில் மேலே வந்து வெள்ளைப் பொடி போல உறைவதும் உண்டு. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள்: உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்தால் போதும். மறையாமல் பஞ்சு போல நின்று, மக்கின வாடையும் வந்தால் பூஞ்சை. அதை வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த துணியால் எடுத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, காற்றோட்டத்தில் காயவிடலாம். ஆல்கஹால் பூச்சையும் கரைக்கக் கூடியது, அதனால் மறைவிடத்தில் முதலில் பார்க்காமல் தொடாதீர்கள்.

கழுவுவது

தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவு பெரும்பாலும் 3.5-க்கும் 5-க்கும் இடையில். குளியல் சோப்பு கட்டி 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். ஆப்பசோடாவும் காரம்தான். காரம் படப்பட, குறிப்பாகத் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் கருத்து, விறைத்து, நாளடைவில் வெடிக்கும். அதனால்தான் ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்று ஆப்பசோடாவைப் பசையாக்கித் தோலில் தடவச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. தோலுக்கென்று விற்கும் கிளீனர் வாங்குங்கள், இல்லையென்றால் காரமில்லாத மென்மையான திரவ சோப்பு இரண்டு மூன்று சொட்டு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் போதும்.

நுரையை மட்டும் எடுங்கள், தண்ணீரை அல்ல. மென்மையான பிரஷ்ஷில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாகத் தேய்த்து, உடனே ஈரத் துணியால் எடுத்து, உலர் துணியால் ஒற்றுங்கள். ஒரு புள்ளியை மட்டும் நனைத்தால் அதன் ஓரத்தில் வளையம் விழும். ஒரு பக்கம் தொடங்கினால் தையலிலிருந்து தையல் வரை அந்தப் பக்கம் முழுவதையும் சீராக முடித்துவிட வேண்டும். கைப்பிடிதான் அதிக வேலை வாங்கும். வருஷக் கணக்கான கை எண்ணெயும் வியர்வையும் கறுப்பாக இறங்கியிருக்கும், ஒரே மூச்சில் போகாது. கிளீனர், துடைப்பு, காயவிடல் என்று இரண்டு மூன்று சுற்று போங்கள். அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு நிறமும் வந்துவிடும்.

கோச் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய பைகள் வைத்திருப்பவர்கள் பையையே வாளித் தண்ணீரில் முக்கியெடுப்பார்கள். 1962-இல் பானி காஷின் அந்த நிறுவனத்துக்கு வடிவமைக்க வந்த பிறகு அறிமுகமான பித்தளைத் திருகுப் பூட்டு வைத்த பைகள், தடித்த தோல், பலவற்றில் லைனிங் கிடையாது, உள்ளே அட்டை கிடையாது. அதனால் அவை தாங்குகின்றன. அதைப் பார்த்துவிட்டு லைனிங்கும் அட்டையும் பசையும் உள்ள சாதாரணப் பையை முக்கினால் அட்டை ஊறி உப்பி, பசை விட்டு, பை உருக்குலைந்துவிடும். முக்கித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளே அழுத்திப் பார்த்து அட்டை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

காயவைக்கும்போது உள்ளே வெள்ளைத் துணியோ அச்சடிக்காத தாளோ திணித்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, நிழலில் வையுங்கள். செய்தித்தாளின் மை ஈரத் தோலில் ஒட்டும். வெயிலிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் ஈரத் தோல் சுருங்கி இறுகிவிடும், அந்தச் சுருக்கம் திரும்பாது.

கறைகளைப் பற்றிச் சுருக்கமாக. எண்ணெய்க் கறைக்கு டால்கம் பவுடரோ சோள மாவோ தூவி ஒரு இரவு விட்டுத் தட்டியெடுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு முறை. பேனா மை பூச்சில்லாத தோலில் இறங்கிவிட்டால் அதோடு வாழப் பழகுங்கள். பூச்சுள்ள தோலில் புதுக் கறையென்றால் தோல் கிளீனரில் போகலாம், பழையது என்றால் மேலே நிறம் பூசுவதுதான் வழி. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அசிட்டோன் பூச்சை நொடியில் கரைத்துவிடும். ரோமம் போன்ற மெத்தென்ற மேற்பரப்புள்ள ஸ்வேடு, நூபக் தோல்கள் இரண்டுக்கும் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது: அவற்றுக்குரிய பிரஷ், ரப்பர், அவ்வளவுதான், கண்டிஷனர் க்ரீம் போட்டால் ரோமம் படுத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

கண்டிஷனர், அதன் எல்லை

தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கண்டிஷனர், அதற்கு ஒரு நாளாவது கொடுங்கள். பதனிடும் இடத்தில் நார்களுக்கு இடையே எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதனால்தான் தோல் வளைகிறது. வருஷங்கள் போகப் போக அது குறைந்து நார்கள் ஒன்றோடொன்று உரசி வெடிக்கும். அந்த இடத்தை நிரப்பத்தான் கண்டிஷனர். பூச்சில்லாத தோலில் இது கண்கூடாக வேலை செய்யும். தடித்த பூச்சுள்ள தோலில் பெரும்பகுதி மேலேயே நிற்கும், தையல் ஓரமும் வெடிப்பும்தான் கொஞ்சம் குடிக்கும். ஆகவே அங்கே அள்ளிப் பூசிப் பயனில்லை, பிசுபிசுப்புதான் மிச்சம், அதில் தூசியும் ஒட்டும்.

துணியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, மெல்லியதாகப் பரப்பி, அரை மணி விட்டு, மீதியைத் துடைத்துவிடுங்கள். வறண்ட தோல் இன்னும் கேட்டால் மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம்: ஆலிவ் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும், தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து, முன்பு சொன்ன அந்த வெள்ளைப் பொடியாக மேலே வரும். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் நல்ல எண்ணெய், ஆனால் வெளிர் நிறத் தோலை ஒன்றிரண்டு படி கருக்கிவிடும். கருத்தது வெளுக்காது. வெடிப்பையும் கண்டிஷனர் மூடாது, மேலும் வெடிக்காமல் பார்க்கும்.

உலோகப் பாகங்களில், பித்தளை தோலோடு உரசும் இடத்தில் பச்சையாக மெழுகு போல ஒன்று திரண்டிருக்கும். செம்பு தோலின் கொழுப்போடு சேர்ந்து உண்டாகும் களிம்பு அது. பல்குச்சியால் சுரண்டி, பட்ஸால் துடைத்தால் வந்துவிடும். மெட்டல் பாலிஷ் போடுவதாக இருந்தால் சுற்றியுள்ள தோலை டேப்பால் மறைத்துக்கொள்ளுங்கள், முலாம் பூசிய பக்கிளில் போடாதீர்கள், முலாம் தேய்ந்து அடியில் உள்ள உலோகம் பல்லிளிக்கும். இறுகிய ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைப் பற்களில் தேய்த்து இரண்டு தடவை இழுத்தால் போதும். விட்டுப்போன தையலை மெழுகு நூலில், பழைய ஓட்டைகள் வழியாகவே தையுங்கள். புது ஓட்டை போட்டால் தோல் அந்தக் கோட்டில் கிழியும்.

மூலைகளுக்கு நிறம்

மூலைகள் தேய்ந்து வெளுத்திருப்பதுதான் பழைய பையைக் காட்டிக்கொடுக்கும். இங்கே வரிசை முக்கியம். நிறம் பூசப் போகிற இடத்தில் கண்டிஷனர் போட்டிருந்தால் நிறம் பிடிக்காது, சில வாரத்தில் தோலோடு ஒட்டாமல் உரிந்து வரும். அதனால் அந்த இடத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, 800 அல்லது 1000 எண் உப்புத்தாளால் பிசிறுகள் படியும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். பள்ளம் இருந்தால் தோலுக்கான நெகிழும் ஃபில்லரை, பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மெல்லிய அடுக்காக இழுத்து, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்தது.

நிறத்துக்குத் தோல் பெயின்ட் வாங்குங்கள், ஷூ பாலிஷ் வேண்டாம். மெழுகு கலந்த பாலிஷ் உங்கள் உடையில் ஒட்டும். டப்பாவில் தெரியும் நிறம் காய்ந்ததும் பொதுவாகக் கொஞ்சம் அடர்த்தியாகும், ஆகவே பையின் அடியில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில். பழுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, துளிக் கறுப்பு என்று கலந்து கலந்து பார்க்க வேண்டியிருக்கும், பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். ஸ்பாஞ்சில் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றிவிட்டு, மிச்சத்தைத் தட்டித் தட்டி ஏற்றுங்கள். ஒரே தடித்த பூச்சு வளையும் இடத்தில் வெடிக்கும், நான்கைந்து மெல்லிய பூச்சு நிற்கும். ஓரத்தில் கோடு தெரியாமல் நல்ல பகுதிக்குள் கொஞ்சம் கரைத்துவிடுங்கள்.

மேலே சீலர். இதில் மினுமினுப்பு, மங்கல் என்று ரகங்கள் உண்டு. பையின் மற்ற பகுதி எப்படி மின்னுகிறதோ அதற்குப் பொருத்தமானதை எடுக்காவிட்டால் நிறம் சரியாக இருந்தும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக ஒரு வாரம் போல ஆகும். அதுவரை பையைத் தோளில் மாட்டாமல், உள்ளே தாள் திணித்து நிற்கவைத்து, தலையணை உறை போன்ற துணிக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை அடைத்துவைக்கும், வாரில் தொங்கவிட்டால் வாரும் நீளும் இணைப்புத் தையலும் இழுபடும், இன்னொரு அடர் நிறப் பையோடு ஒட்டி வைத்தால் அதன் சாயம் இதில் ஏறும்.